நெல்லையிலிருந்து விமானம் ஏறுகிறீர்களா? லக்கேஜ் கிலோவும் கட்டணமும்: முழுமையான வழிகாட்டி

குறைந்த கட்டண விமானங்களில் டிக்கெட்டில் தெரியும் தொகை பல நேரம் ஆளுக்கு மட்டும்தான். பெட்டிக்குக் கணக்கு தனி. அந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டு முடித்துவிட்டுக் கிளம்புகிறவர் ஒரு விலை கொடுப்பார். விமான நிலையக் கவுண்டரில் எடை மெஷின் முன்னால் நின்று யோசிக்கிறவர் அதே கிலோவுக்குக் கூடுதல் விலை கொடுப்பார். வித்தியாசம் சில நேரம் டிக்கெட் விலையையே தாண்டிவிடும்.

திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் இதைக் கவனமாகப் பார்க்க இரண்டு காரணம் உண்டு. ஒன்று, நம் ஆட்கள் வெறுங்கையோடு போவதில்லை. அல்வா, முந்திரிக்கொத்து, உடன்குடிக் கருப்பட்டி, இடித்து வைத்த மிளகாய்ப்பொடி, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் எல்லாம் சேர்ந்துதான் பயணம். எல்லாமே கனமான சாமான்கள். இன்னொன்று, நமக்குப் பக்கத்தில் இருக்கும் வாகைக்குளம், அதாவது தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து போகிறவை உள்நாட்டு விமானங்கள். மேலப்பாளையத்திலிருந்தோ கடையநல்லூரிலிருந்தோ வளைகுடாவுக்குப் போகிறவர் வாகைக்குளத்தில் ஏறினால், பயணம் இரண்டு துண்டாகிவிடுகிறது. பணம் அதிகமாகப் போவது அந்த இரண்டு துண்டுக்கும் நடுவில்தான். அதை விரிவாகப் பார்ப்போம். முதலில் அடிப்படை.

1. டிக்கெட் எடுக்கும் முன் கட்டண வகையைப் படியுங்கள்

இந்தியாவுக்குள் பறக்கும் குறைந்த கட்டண விமானங்களில் வழக்கமான கட்டணத்தோடு கவுண்டரில் போடும் பெட்டிக்கு 15 கிலோவும் கைப்பைக்கு 7 கிலோவும் கிடைக்கும். இது எல்லா டிக்கெட்டுக்கும் பொருந்தும் என்று நினைத்துவிட வேண்டாம். பெட்டியே இல்லாமல் வருகிறவர்களுக்கு மலிவான கட்டணம் தர விமான நிறுவனங்களுக்கு, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. 2021 பிப்ரவரியில் அனுமதி கொடுத்தது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் 'எக்ஸ்பிரஸ் லைட்' அந்த வகைதான். அதில் கைப்பை மட்டும் எடுத்துப் போகலாம். கவுண்டரில் போட ஒரு கிலோகூடக் கிடையாது, வேண்டுமானால் தனியாகக் காசு கட்ட வேண்டும்.

டிக்கெட் தேடும் தளங்கள் விலை குறைந்ததை மேலே காட்டும். மேலே இருப்பது பெட்டியில்லாத டிக்கெட்டாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. 'லைட்' போன்ற பெயர் தெரிந்தால் நின்று நிதானமாகப் பாருங்கள். பணம் கட்டும் பக்கத்துக்குப் போகும் முன், செக்-இன் எத்தனை கிலோ, கேபின் எத்தனை கிலோ என்று இரண்டு எண்ணையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும். ஏஜென்ட் மூலமாக எடுத்தால், "லக்கேஜ் எத்தனை கிலோ, எத்தனை உருப்படி?" என்று கேட்டு, டிக்கெட்டில் அச்சாகியிருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். வாய்ச்சொல் கவுண்டரில் செல்லாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பெட்டியில்லாத டிக்கெட் 4,000 ரூபாய், 15 கிலோவோடு வருவது 4,900 என்று வையுங்கள். உங்களிடம் 12 கிலோ சாமான் இருக்கிறது. மலிவானதை எடுத்துவிட்டுக் கவுண்டரில் கிலோவுக்கு 600 ரூபாய் கட்டினால் பெட்டிக்கே 7,200 ஆகிறது. 900 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் 7,200 கொடுத்த கதை. ஆனால் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு நேர்முகத் தேர்வுக்குச் சென்னை போய் மறுநாள் திரும்புகிற பிள்ளைக்கு அந்த 4,000 ரூபாய் டிக்கெட்தான் சரி. பெட்டியின் கிலோவை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குப் பிறகு டிக்கெட் தேட வேண்டும் என்பதே நான் எல்லோரிடமும் சொல்வது.

கூடுதல் கிலோ ஏன் இவ்வளவு விலை என்று பலருக்கும் ஆதங்கம் இருக்கிறது. 15 கிலோவுக்கு மேல் 20 கிலோ வரை, கிலோவுக்கு 100 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று டி.ஜி.சி.ஏ. 2016-இல் உத்தரவு போட்டது உண்மைதான். 2017-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதற்குப் பிறகு விலையை நிறுவனங்களே வைக்கின்றன. உள்நாட்டில் கவுண்டர் விலை இப்போது கிலோவுக்கு 500 ரூபாய்க்கு மேல்தான். அடிக்கடி மாறுவதால், கிளம்பும் வாரத்தில் நிறுவனத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

2. கைப்பை: 7 கிலோ என்றால் பையின் எடையும் சேர்த்துத்தான்

இந்திய விமான நிலையங்களில் ஒருவருக்கு ஒரு கைப்பை என்பது பாதுகாப்பு விதி. அதோடு லேப்டாப் பையோ பெண்களின் தோள்பையோ போன்ற ஒரு சின்னப் பையை அனுமதிப்பார்கள். இண்டிகோவில் கைப்பையின் அளவு 55, 35, 25 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

சக்கரம் வைத்த சின்ன டிராலிப் பெட்டி காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். அப்போது உங்களுக்கு மிச்சம் நான்கு கிலோ. துணியில் தைத்த தோள்பை ஒரு கிலோவுக்குள் அடங்கும். கைப்பை மட்டும் எடுத்துப் போகிற பயணத்துக்கு டிராலியைத் தவிர்த்தாலே இரண்டு கிலோ லாபம்.

மலேசியா, சிங்கப்பூர் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஏர் ஏசியாவில் இரண்டு பை கொண்டுபோகலாம், ஆனால் இரண்டும் சேர்ந்துதான் 7 கிலோ. ஸ்கூட்டில் இரண்டும் சேர்ந்து 10 கிலோ. இந்த இரண்டு நிறுவனத்திலும் அடிப்படைக் கட்டணத்தில் கவுண்டர் பெட்டி கிடையாது. நம் ஊர் 15 கிலோ பழக்கத்தில் போனால் அங்கே சிக்கல்தான்.

வாகைக்குளத்துக்குப் பல வருடங்களாக வந்து போவது ஏ.டி.ஆர் போன்ற சிறிய விமானங்கள். பழைய ஓடுதளம் 1,350 மீட்டர்தான் என்பதால் பெரிய விமானம் இறங்க வழியில்லாமல் இருந்தது. ஓடுதளத்தை நீட்டி, புதிய முனையத்தை 2025 ஜூலையில் திறந்தார்கள். சிறிய விமானத்தில் தலைக்கு மேலே இருக்கும் தட்டும் சிறியது. டிராலிப் பெட்டி அடங்காவிட்டால் ஏறும் இடத்திலேயே வாங்கி, டேக் கட்டி, அடியில் வைத்துவிடுவார்கள். அதனால் பாஸ்போர்ட், நகை, மருந்து, பவர் பேங்க் இவற்றை ஒரு சின்னப் பையில் தனியாக வைத்து, அந்தப் பையை டிராலிக்குள் மேலாக வையுங்கள். பெட்டியைக் கேட்டால் பையை உருவிக்கொண்டு ஏறிவிடலாம்.

3. இரண்டு டிக்கெட், இரண்டு கணக்கு

துபாய்க்கோ தோஹாவுக்கோ போகிற ஒருவருக்குச் சென்னையிலிருந்து போகும் டிக்கெட்டில் 30 கிலோ கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாகைக்குளத்திலிருந்து சென்னைக்குத் தனியாக இன்னொரு டிக்கெட். வீட்டில் 30 கிலோவுக்குப் பெட்டி கட்டிவிடுகிறார்கள். வாகைக்குளம் கவுண்டரில் அந்த டிக்கெட்டுக்கு 15 கிலோதான். மீதி 15 கிலோவுக்கு, கிலோவுக்கு 600 ரூபாய் வீதம் 9,000 ரூபாய். சென்னையில் இறங்கியதும் பெட்டியை வாங்கி, சர்வதேச முனையத்துக்கு நடந்து, மறுபடி வரிசையில் நின்று போட வேண்டும்.

முழுப் பயணத்துக்கும் உங்களுக்குக் கிடைக்கிற அளவு, இருப்பதிலேயே குறைந்த கிலோ உள்ள துண்டின் அளவுதான். பெரிய எண்ணைப் பார்த்துப் பெட்டி கட்டக் கூடாது.

இதற்கு வழிகள் இருக்கின்றன. முதல் வழி, இரண்டு துண்டையும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் எடுப்பது. தூத்துக்குடி முதல் துபாய் வரை ஒரே டிக்கெட்டாக வாங்கினால் பெரும்பாலும் சர்வதேச அளவே முழுவதற்கும் பொருந்தும். முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்தைச் சேரும். தனித்தனி டிக்கெட்டைவிட ஆயிரம், இரண்டாயிரம் கூட இருந்தாலும் எடுப்பது நல்லது. பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போகுமா, சென்னையில் வாங்கிப் போட வேண்டுமா என்பதை மட்டும் கவுண்டரில் கேட்டு, டேக்கில் எந்த ஊரின் மூன்றெழுத்து இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது வழி, தனித்தனி டிக்கெட்தான் என்றால் உள்நாட்டுத் துண்டுக்குக் கூடுதல் கிலோவை ஆன்லைனில் முன்கூட்டியே வாங்குவது. சில நிறுவனங்கள் தொடர் சர்வதேச டிக்கெட்டைக் காட்டினால் உள்நாட்டிலும் கூடுதல் கிலோ தருவதுண்டு. அது அவரவர் விதி. விதிகள் பக்கத்தில் எழுத்தில் இருந்தால் மட்டும் நம்புங்கள்.

மூன்றாவது வழி ரயில். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் ஆளுக்கு 40 கிலோ, இரண்டடுக்கு ஏ.சி.யில் 50 கிலோ இலவசம். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறித் தாம்பரத்தில் இறங்கினால் சென்னை விமான நிலையம் பக்கம். மின்சார ரயிலில் திரிசூலம் நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே இருக்கிறது. பெட்டி கனமாக இருந்தால் தாம்பரத்திலிருந்து ஆட்டோ வைத்துக்கொள்ளலாம். 30 கிலோவோடு வெளிநாடு போகிறவருக்கு இதில் லக்கேஜ் செலவே இல்லை. ரயில் தாமதமாகலாம் என்பதால் விமானத்துக்கு நிறைய இடைவெளி வையுங்கள்.

நான்காவது வழி, சென்னையையே விட்டுவிடுவது. திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரமும் மதுரையும் ஏறக்குறைய ஒரே தூரம், 150 கிலோமீட்டர் அளவு. திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கு நேரடி விமானங்கள் நிறைய. நாகர்கோவில் வழியாக ரயிலிலும் போகலாம், காரிலும் போகலாம். அங்கே சர்வதேச முனையம் சாக்கையில், இன்னொரு முனையம் ஓடுதளத்துக்கு அந்தப் பக்கம் சங்குமுகத்தில். டிரைவரிடம் முதலிலேயே எது என்று சொல்லிவிடுங்கள். மதுரையிலிருந்து கொழும்பு, துபாய் போன்ற ஊர்களுக்கு நேரடி விமானம் உண்டு. கோலாலம்பூர், சிங்கப்பூர் போகிறவர்களுக்குத் திருச்சி வசதி. மதுரையைத் தாண்டி இன்னும் இரண்டு மணி நேரம் போக வேண்டும்.

இரண்டு மூன்று பேர் சேர்ந்து போவதாக இருந்தால் கார் வாடகையைப் பங்கிட்டுப் பாருங்கள். ஒரே டிக்கெட், ஒரே எடை, ஒரே தடவை பெட்டி போடுவது. 30 கிலோவோடு வளைகுடா போகிறவருக்கு வாகைக்குளத்தைவிடத் திருவனந்தபுரம்தான் ஏற்றது என்பது என் கருத்து. சென்னைக்கோ பெங்களூருக்கோ 15 கிலோவுக்குள் போகிறவருக்கு வாகைக்குளத்தை அடிக்க ஆளில்லை.

4. கூடுதல் கிலோ வேண்டுமா? வீட்டிலிருந்தே வாங்குங்கள்

நிறுவனத்தின் ஆப்பிலோ தளத்திலோ உங்கள் பி.என்.ஆர். எண்ணைப் போட்டால் கூடுதல் லக்கேஜ் என்ற பகுதி இருக்கும். 3, 5, 10, 15 என்று கட்டுக் கட்டாக விற்பார்கள். கவுண்டர் விலையைவிட இது குறைவு. புறப்படும் நேரத்துக்கு முன் ஒரு கெடு உண்டு, அதைத் தாண்டினால் கவுண்டர் விலைதான். நாலு கிலோதான் கூடுதல் என்றாலும் 5 கிலோ கட்டை வாங்குவது பெரும்பாலும் லாபம்.

குடும்பமாகப் போகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே பி.என்.ஆரில் டிக்கெட் எடுங்கள். நான்கு பேரின் 60 கிலோவைச் சேர்த்துக் கணக்குப் பார்க்க வழி இருக்கும். தனித்தனியாக எடுத்தால் அண்ணன் பெட்டியில் மிச்சமிருக்கும் இடம் தங்கைக்கு உதவாது. சேர்த்துப் பார்த்தாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. தூக்கிப் போடுகிற தொழிலாளியின் முதுகைக் காப்பாற்ற வைத்த வரம்பு அது, காசு கட்டினாலும் விடமாட்டார்கள். இன்னொன்று, உள்நாட்டில் 15 கிலோவை ஒரே உருப்படியாகத்தான் போட வேண்டும் என்று சில நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. ஒரு பெட்டியும் ஒரு அட்டைப்பெட்டியும் சேர்ந்து 14 கிலோதான் இருந்தாலும், இரண்டாவது உருப்படிக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். சாக்கு, கட்டைப்பை, அட்டைப்பெட்டி என்று பிரித்துக் கட்டும் நம் வழக்கத்துக்கு இது இடறும்.

கல்லூரிப் பிள்ளைகள் இண்டிகோவில் மாணவர் கட்டணத்தைத் தேர்ந்தெடுத்தால் 10 கிலோ கூடுதலாகக் கிடைக்கும். கல்லூரி அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். மடியில் வைத்திருக்கும் கைக்குழந்தைக்குப் பொதுவாகத் தனி லக்கேஜ் அளவு கிடையாது. நடக்க முடியாதவரின் சக்கர நாற்காலிக்குக் கட்டணம் இல்லை.

5. பெட்டி கட்டுவது

கையில் தொங்கவிட்டு எடை பார்க்கும் டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். அது இல்லாவிட்டால் மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். 15 கிலோ என்றால் 14-இல் நிறுத்துங்கள். இரண்டு தராசுக்கும் கொஞ்சம் முன்பின் இருக்கத்தான் செய்யும்.

பத்தமடைப் பாய் வாங்கிப் போகிறவர்கள் எடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், நீளத்தைப் பாருங்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 சென்டிமீட்டர் என்பது பொதுவான அளவு. சுருட்டிய பெரிய பாய் கேள்விக்கு உள்ளாகலாம். மடித்து வைக்கக்கூடிய பட்டுப்பாய் பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடும்.

நல்லெண்ணெய், நெய், ஊறுகாய் எல்லாம் கவுண்டரில் போடும் பெட்டிக்குள் போகட்டும். வெளிநாட்டு விமானத்தில் கையோடு கொண்டுபோகும் திரவம் ஒவ்வொன்றும் 100 மில்லிக்கு மேல் போகக் கூடாது. பாட்டில் மூடியின் அடியில் பாலித்தீன் தாள் வைத்துத் திருகி, டேப் சுற்றி, இரண்டு கவரில் போட்டு, துணிகளின் நடுவில் வையுங்கள். அல்வாவைக் கடையிலேயே இறுக்கமாகப் பேக் செய்து வாங்குங்கள், நெய் கசிந்தால் பெட்டி முழுக்க வீணாகும். கருவாட்டுக்குக் காற்றுப் புகாத பேக்கிங் கட்டாயம். மணம் வெளியே வந்தால் கவுண்டரிலேயே எடுக்கச் சொல்லக்கூடும்.

கொப்பரைத் தேங்காயை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். எண்ணெய்ச் சத்து மிகுந்த கொப்பரை தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது, ஆபத்துப் பொருள் பட்டியலில் இருக்கிறது. முழுத் தேங்காயையும் கைப்பையில் விடுவதில்லை. சபரிமலை பக்தர்களின் இருமுடித் தேங்காய்க்கு 2024 அக்டோபரில் தனி அனுமதி கொடுத்தார்கள், அதுவும் 2025 ஜனவரி 20 வரைதான். பவர் பேங்க் இதற்கு நேர் எதிர்: கைப்பையில் மட்டும்தான் வைக்க வேண்டும், கவுண்டர் பெட்டியில் வைத்தால் பெட்டியைத் திறக்கக் கூப்பிடுவார்கள்.

கட்டணத்துக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் சவுதிக்கும் சிங்கப்பூருக்கும் கசகசா கொண்டுபோவது சட்டப்படி குற்றம். குருமாவுக்கு வீட்டில் அரைத்த பொடியில் கசகசா சேர்த்திருந்தாலும் அதே கதி. அமீரகத்துக்கு வெற்றிலையும் கூடாது. அம்மா, அத்தை யாராவது பொட்டலம் கொடுத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பெட்டியில் வையுங்கள். அடுத்தவர் வீட்டுக்காகக் கொடுத்தனுப்பும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கவே வேண்டாம்.

திரும்பி வரும்போதும் கணக்கு உண்டு. போகும் டிக்கெட்டில் 30 கிலோ என்றால் வரும்போதும் 30 என்று அர்த்தமில்லை, தனியாகப் பாருங்கள். துபாய் விமான நிலையம் 2017 மார்ச் முதல், ஒரு பக்கமாவது தட்டையாக இல்லாத உருண்டை மூட்டைகளை ஏற்பதில்லை. போர்வையை மூட்டையாகக் கட்டிக் கொண்டுவருவது அங்கே நடக்காது.

6. கவுண்டரில்

உள்நாட்டு விமானத்துக்கு இரண்டு மணி நேரமும், வெளிநாட்டுக்கு மூன்று மணி நேரமும் முன்னதாகப் போய்விடுங்கள். கூட்டம் இல்லாதபோது பெட்டியைத் திறந்து மாற்றி வைக்க நேரம் கிடைக்கும். எடை கூடினால் உடனே கார்டை நீட்ட வேண்டாம். ஜாக்கெட்டை எடுத்து உடுத்திக்கொள்ளலாம், புத்தகத்தைக் கைப்பைக்கு மாற்றலாம். வழியனுப்ப வந்தவர்களை நீங்கள் உள்ளே போய்ப் பெட்டி போட்டு முடிக்கும் வரை வெளியே நிற்கச் சொல்லுங்கள். கூடுதலானதை அவர்களிடம் திருப்பிக் கொடுத்தால், பார்சல் சர்வீஸில் மறுநாள் அனுப்பிவிடுவார்கள். சென்னைக்குக் கருப்பட்டி போக விமானக் கட்டணம் தேவையே இல்லை, பஸ் பார்சல் போதும்.

காசு கட்டினால் ரசீது வாங்குங்கள். டேக் ஒட்டியதும் உங்களிடம் தரும் சின்னத் துண்டை போர்டிங் பாஸோடு பத்திரமாக வையுங்கள். பெட்டியை ஒரு போட்டோ எடுத்துக்கொள்வதும் நல்லது.

7. பெட்டி வரவில்லை என்றால்

சிறிய விமானங்களில் எடை கூடிவிட்டால் சில பெட்டிகளை அடுத்த விமானத்தில் அனுப்புவதுண்டு. பெல்ட்டில் உங்கள் பெட்டி வரவில்லை என்றாலும், உடைந்து வந்தாலும், விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன் நிறுவனத்தின் லக்கேஜ் மேசையில் பி.ஐ.ஆர். என்ற புகார்ப் படிவத்தை எழுதிக் கொடுங்கள். அதன் எண் இல்லாமல் பிறகு பேசுவது கடினம். சர்வதேசப் பயணத்தில் சேதத்துக்கு 7 நாளுக்குள்ளும், தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்ததிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்று மாண்ட்ரியல் உடன்படிக்கை சொல்கிறது. உள்நாட்டில் நிறுவனத்தின் பொறுப்புக்கு ஒருவருக்கு 20,000 ரூபாய்தான் வரம்பு. அதனால் நகையும் பணமும் அசல் சான்றிதழும் அந்தப் பெட்டிக்குள் போகவே கூடாது.

படிவத்தில் முகவரியை ஊர், தெரு, அடையாளத்தோடு முழுதாக எழுதி, வீட்டில் எப்போதும் எடுக்கிற ஒருவரின் போன் எண்ணையும் கொடுங்கள். அம்பாசமுத்திரமோ திசையன்விளையோ, பெட்டி கிடைத்ததும் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்களா என்று அங்கேயே கேட்டு, பதிலைப் படிவத்தில் எழுதி வாங்குங்கள்.